ஊரைச் சுமந்து சென்றோர்



நாட்டுப்புறத்தான் பட்டினம் புகுந்தால், பழைய வாழ்வைக் கைவிட்டாலன்றி முன்னேறான் என்று படித்தவருட் பலர் கூறுகின்றனர். நாம் அதனை ஒப்புவதற்கில்லை. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டைப் பாருங்கள்.

1940ஆம் ஆண்டுக்குப் பின்னர் அந்தீஸ் மலைக் கமக்காரர் இலட்சக்கணக்கில் தலைநகராகிய லீமாவுக்கு இறங்கினர். மலையில் நல்ல நிலமெல்லாம் பெரும்பாலும் பண்ணைப் பிரபுக்கள் வசமிருந்தது. உயர்ந்த பள்ளியும் வைத்தியமும் பட்டினத்தில் இருந்தன. வேறென்ன செய்வர்? லீமாவோ அவர்களது கெச்சுவா மொழியைக் கேட்டு நகைத்தது.

வந்தோர் முதலில் நாடியது ஊர்ச்சங்கத்தை. ஓரூரார் கூடி, புதிதாய் வந்தவனுக்கு வேலைக்கு வழிகாட்டினர்; ஊர்த் திருவிழாவைப் பட்டினத்திலும் எடுத்தனர்; ஊரிலே பள்ளி கட்டப் பணம் அனுப்பினர்; ஊராரின் காணி வழக்குக்காக அரசாங்கக் கந்தோர்களின் படியேறினர். (கொழும்பிலே ஊர்ச்சங்கம் நடத்தியோர்க்கு இது புதுமையன்று.)

1971ஆம் ஆண்டில் வீடற்ற குடும்பங்கள் பல லீமாவின் தெற்கே வெறுநிலத்தில் குடியேறின. பொலிசாருடன் நேர்ந்த மோதலில் ஓருயிர் பலியாயிற்று. ஈற்றில் இராணுவ அரசாங்கம் அவர்களை இன்னும் தெற்கேயுள்ள மணற்காட்டுக்கு அனுப்பியது. அங்கே நீரில்லை, மின்சாரமில்லை, ஒதுங்க நிழலுமில்லை. நாணற்பாய்களை மறைப்பாக நட்டுக் குடிசையமைத்தனர். இருபத்துநான்கு காணித்துண்டுகள் ஒரு தொகுதி; பதினாறு தொகுதிகள் ஒரு குடியிருப்பு; நடுவே பள்ளிக்கும் விளையாட்டுக்கும் பொதுநிலம். தொகுதிதோறும் தமக்குட் பிரதிநிதிகளைத் தெரிந்தனர். மலையிலே பொது வாய்க்காலை ஊரார் கூடி வெட்டுவது வழக்கம். 'மின்கா' என்பது அதன் பெயர். அவ்வழக்கம் பழகிய கைகளே மணலிற் பள்ளிக்கூடங்களை எழுப்பின. பெண்கள் கூட்டுச் சமையற்கூடங்களை நடத்திப் பஞ்சகாலத்திற் பிள்ளைகளைக் காத்தனர். வில்லா எல் சல்வடோர் என்னும் அவ்வூர் 1983இல் தனக்கெனத் தனி நகராட்சி பெற்றது. 1987இல் ஸ்பெயின் நாட்டின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருதும் பெற்றது. இன்று அங்கு வாழ்வோர் ஏறக்குறைய நான்கு இலட்சம்.

இத்தனையும் செய்தவர்கள் கற்றறிந்த மேதைகளல்லர்; உருளைக்கிழங்கு பயிரிட்ட ஏழைக் கமக்காரர். கிராமத்தான் பட்டினத்துக்குப் பாரமென்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?

ஆனால், மொழியின் கதை வேறு. 1975ஆம் ஆண்டில் அரசாங்கம் கெச்சுவாவை அரசகரும மொழியாக்கியது. சட்டம் வந்தும் ஏளனம் ஒழியவில்லை. தாம் பட்ட அவமானம் பிள்ளைகளைத் தீண்டலாகாதென்று பெற்றோர் பலர் வீட்டிலும் ஸ்பானியமே பேசினர். வாய்க்கால் வெட்டும் வழக்கத்தை மலையிலிருந்து சுமந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுள், பாட்டி கெச்சுவாவிற் பேசினால் விளங்காது விழிப்போர் இன்று மிகப் பலர்.