பாலம் தாண்டினால் கம்பஹா

கொழும்பில் வீடு தேடுகிறவர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாடகையைக் கேட்டுத் தலைசுற்றிப் பேலியகொடைப் பக்கம் போவதுண்டு. போகலாம், பிழையில்லை. ஆனால் களனிப் பாலம் தாண்டினால் மாவட்டம் கம்பஹா. வாக்காளர் பதிவு, பிள்ளையின் பாடசாலை அனுமதி எல்லாம் அந்த விலாசத்தை வைத்துத்தான்.

புறக்கோட்டையிலிருந்து 2011இல் மீன் சந்தையும், 2020இல் மெனிங் மரக்கறிச் சந்தையும் பேலியகொடைக்குப் போய்விட்டன. மீன், மரக்கறி வாங்கச் சுகம். சந்தைக்குக் கிட்ட வீடென்றால் விடியப்புறம் லொறிச் சத்தத்தில் நித்திரை போய்விடும்.

வீட்டை மழைநாளில் போய்ப் பாருங்கள். சுவரில் வெள்ளம் நின்ற கறை இருக்கிறதா? புதுப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். களனி கங்கை பெருகினால் தாழ்ந்த ஒழுங்கைகளுக்குள்தான் முதலில் தண்ணீர் வரும். அட்வான்ஸ் கொடுப்பது இதையெல்லாம் பார்த்த பிறகு.