வானை நோக்கும் பொறியும் அதன் கம்பிகளும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவு உண்டு, பட்டிமன்றம் உண்டு, குழந்தைகளின் நடனம் உண்டு. பத்தாவது வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளாக இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிவரும் நமக்கு இம்மேடையில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நாம் பேச வந்த பொருள் நம் காலனி நூலகத்தில் பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொடுத்த பணத்தில் வாங்கிய தொலைநோக்கியையும், அதைச் சுமந்து சுழற்றும் மோட்டார்த் தாங்கியையுமே குறிப்பிடுகிறோம். ஓராண்டுக்கு மேலாக அது பூட்டிக் கிடக்கிறது. அது ஏன் பூட்டப்பட்டது என்பதைப் பற்றி உங்களிடம் சொல்லவேண்டிய ஒன்று நம்மிடம் இருக்கிறது.

முதலில் இவ்வூரைப் பற்றி இரண்டொரு சொல். பிழைக்க வந்த ஊர் என்று நாம் எண்ணும் இத்திருவனந்தபுரம் வானைப் பார்ப்பதில் பழைய ஊர். சுவாதித் திருநாள் மகாராஜா 1837ஆம் ஆண்டில் இங்கே ஒரு வானாய்வகம் நிறுவினார். அதன் முதல் தலைவர் ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர். அவர் வானநூற் பட்டம் பெற்றவர் அல்லர். ஆலப்புழையில் அரசாங்கத்தின் வாணிக அலுவலைக் கவனித்துவந்தவர். வானின்பால் கொண்ட காதலால் கற்றுக்கொண்டவர். அவருக்குப் பின் வந்த ஜான் ஆலன் பிரௌன், 1855ஆம் ஆண்டில் அகத்தியமலை உச்சியில் காந்த ஆய்வகம் ஒன்றை அமைத்தார். நம் தமிழ் முனிவர் பெயர் தாங்கிய மலை அது. அவர் பெயரையே தாங்கிய அகத்திய மீன், குளிர்கால இரவுகளில் நம் தெற்கு வானில் இருபத்தெட்டுப் பாகைக்கு மேல் உயர்ந்து ஒளிர்கிறது. இலண்டன் மாநகரத்தார் தம் ஊரில் நின்று அதை ஒருநாளும் காண இயலாது. நமக்கோ மொட்டை மாடிக்கு ஏறினால் போதும்.

இனிப் பொருளுக்கு வருவோம். விண்மீனைக் கண்ணால் பார்ப்பது வேறு. படம் பிடிப்பது வேறு. மங்கிய ஒளியைக் காமிரா சேர்த்துவைக்க நெடுநேரம் வேண்டும். அந்த நேரத்தில் பூமி சும்மா இருப்பதில்லை. வானம் மணிக்குப் பதினைந்து பாகை மேற்கே நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. முப்பது விநாடி காமிராவைத் திறந்துவைத்தால் அதற்குள் விண்மீன், முழு நிலவின் அகலத்தில் கால் பங்கு நகர்ந்துவிடும். படத்தில் புள்ளி விழாது; கோடுதான் விழும். ஆகவே தொலைநோக்கியும் வானத்தோடு கூடவே நகரவேண்டும். 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்பவர் மிருகசீரிடத்து வாள் பகுதியிலுள்ள ஒளிமுகிலை முதன்முதலாகப் படம் பிடித்தபோது, ஐம்பத்தொரு நிமிடம் அவருடைய தொலைநோக்கியைக் கடிகாரப் பொறி நகர்த்தியது. இன்று அவ்வேலையை மின்மோட்டார் செய்கிறது.

இத்தாங்கியின் ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, வட துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். ஊரின் அட்சம் எவ்வளவோ, சாய்வும் அவ்வளவே. தில்லியில் இருபத்தெட்டரைப் பாகை. நம் ஊரில் எட்டரைப் பாகையே. துருவ மீன் தென்னை மரங்களின் பின்னே ஒளிந்துகொள்ளும். அச்சு ஏறக்குறையப் படுத்தவாறே இருப்பதால், எடைக் குண்டு மாட்டிய தண்டு முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கப் பார்க்கும். வடநாட்டு அட்சங்களை எண்ணிச் செய்த பொருள் நம் ஊருக்கு வந்தால் இத்தகைய சங்கடங்கள் உண்டு. முக்காலிக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு சிறு தூணை வைத்து உயர்த்தி அதை ஒருவாறு சரிசெய்தோம். எஞ்சிய சங்கடம் கம்பிகளில் இருந்தது.

எத்தனை கம்பிகள் என்கிறீர்கள்? பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து தாங்கிக்கு ஒன்று. கைக்கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒன்று. படம் பிடிக்கும் காமிராவிலிருந்து கணினிக்கு ஒன்று. விண்மீன் விலகுகிறதா என்று காவல் காக்கும் சிறு காமிராவிலிருந்து ஒன்று. அக்காவல் காமிரா சொல்லும் திருத்தத்தைத் தாங்கிக்குக் கொண்டு செல்ல ஒன்று. நம் ஊர்க் காற்றின் ஈரத்தால் கண்ணாடியில் பனி படியாமல் இருக்கச் சூட்டுப் பட்டைக்கு ஒன்று. ஆக ஆறு. இவற்றில் நான்கு, சுழலும் குழாயிலிருந்து அசையாத தரைக்கு இறங்குபவை. இடர் இருப்பது அங்கேதான்.

அந்த இரவுக்கு வருவோம். சென்ற ஆண்டு ஜனவரி மாதம். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருந்தது. நம் காலனியில் பத்தாம் வகுப்புப் படித்துவந்த ஒரு பெண், தொலைநோக்கியின் பயன்முறைப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தவள் அவள் ஒருத்தியே, டிரேப்பர் எடுத்த அதே ஒளிமுகிலைப் படமெடுக்க முனைந்தாள். முப்பது முப்பது விநாடியாக நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது அவள் திட்டம். இந்த விழா மலரின் அட்டையில் அப்படம் வரவேண்டும் என்று செயலாளரிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

மாலையில் கம்பிகளைக் கட்டும் பொறுப்பை நாம் ஏற்றோம். கம்பி தொங்கினால் நமக்குப் பிடிக்காது. அலுவலகத்தில் கோப்பைக் கட்டும் நாடாவைப்போல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, முக்காலியின் காலோடு இறுக்கி ஒட்டுநாடா சுற்றினோம். பார்ப்பதற்கு மிக அழகாயிருந்தது. அப்பெண் குழாயைச் சற்று அசைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, இந்தக் கம்பி இழுக்கிறதே, கொஞ்சம் தளர்த்திக் கட்டலாமா?” என்று கேட்டாள். “தொங்கினால் இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள் அம்மா, இருக்கட்டும்” என்றோம்.

இரவு பத்தரை வரையில் எல்லாம் செவ்வையாக நடந்தது. அந்த நேரத்தில் ஒளிமுகில் உச்சி வானத்தைக் கடந்து மேற்கே சாயத் தொடங்கும். கிழக்கு வானைப் பார்க்கும்போது தாங்கியின் மேற்குப் பக்கம் இருந்த குழாய், இனிக் கிழக்குப் பக்கத்திற்கு மாறவேண்டும். மாறாவிடில் காமிரா முக்காலியில் மோதும். இதற்காக இரண்டு அச்சுகளும் அரைச் சுற்றுச் சுற்றுகின்றன. அவள் பொத்தானை அழுத்தினாள். குழாய் திரும்பியது. பாதி வழியில் கம்பிகள் விறைத்தன. மனிதனாயிருந்தால் இழுபடுவதை உணர்ந்து நின்றிருப்பான். மோட்டாருக்கு அது தெரியாது. காமிராவின் கேபிள், சாக்கெட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. பாட்டரிக் கம்பியும் பிடுங்கிக்கொண்டது. மின்சாரம் போகவே, தாங்கி தான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்பதையே மறந்து நின்றது. அவ்வளவோடு அன்றைய வேலை முடிந்தது.

மறுநாள் காலை காலனி முழுவதும் ஒரே பேச்சு. பொத்தானை அழுத்தியது யார்? அந்தப் பெண். சின்னப் பெண் கையில் விலையுயர்ந்த பொருளைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்கள். இனி யாரும் தொடக்கூடாது என்று பெரியோர் முடிவு செய்து அலமாரியைப் பூட்டினார்கள். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. கம்பியைக் கட்டியவர் யார் என்று அவளும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அன்று வாய்மூடியிருந்தது நம் தவறு. அதனினும் பெரிய தவறு, ஓராண்டு முழுவதும் வாய்மூடியிருந்தது. இன்று இச்சபையில் சொல்கிறோம்: கம்பியைக் கட்டியவர் நாமே. தளர்த்தலாமா என்று கேட்டவள் அவள். வேண்டாம் என்றவர் நாம். குற்றம் அவளுடையதன்று.

இதில் நமக்கு இரட்டை வெட்கம். இருபது ஆண்டுகளாக நாம் தினமும் பார்ப்பது என்ன? ஒரு பெட்டிக்கும் மறு பெட்டிக்கும் இடையே பிரேக்குக்கான காற்றுக் குழாய் வளைந்து தொங்குகிறது. அழகு கருதி அதை விறைப்பாக மாட்டினால், வண்டி முதல் வளைவில் திரும்பும்போதே குழாய் பிடுங்கிக்கொள்ளும். பிரேக் தானே பிடித்து வண்டி நின்றுவிடும். அசையும் இரண்டை இணைக்கும் எதற்கும் தொய்வு வேண்டும். கண்முன்னே கண்ட இந்த உண்மையை மொட்டை மாடியில் மறந்தோம்.

பெரிய வானாய்வகங்களும் இக்கவலையினின்று தப்பியவை அல்ல. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைக் காவலூரில், 1986ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி ஒன்று இயங்கிவருகிறது. அங்கும் கருவிகள் தொலைநோக்கியோடு சேர்ந்தே திரும்பும். அவற்றின் கம்பிகளும் சேர்ந்தே திரும்பவேண்டும். செங்குத்து அச்சில் சுழலும் பெருந்தொலைநோக்கிகளில், கம்பிகளைச் சுருட்டியும் விரித்தும் கொடுப்பதற்கென்றே தனி அமைப்பு வைப்பார்கள். குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் போகாதபடி தடையும் வைப்பார்கள். நம்மிடம் அவை இல்லை. நம்மிடம் இருப்பது கண்ணும் கையும் பொறுமையும். இந்த ஓராண்டில் நாம் கற்றுக்கொண்டவற்றைச் சுருங்கச் சொல்கிறோம்.

முதலாவது, குழாயிலிருந்து இறங்கும் கம்பிகளைக் குறைக்கவேண்டும். இப்போது பலர் சிறிய கணினியையும் மின்சாரம் பங்கிடும் பெட்டியையும் குழாயின் மேலேயே பொருத்திவிடுகிறார்கள். காமிராக்களின் கம்பிகள் குழாயோடு கூடவே சுழலும். தரைக்கு இறங்குவது மின்சாரக் கம்பி ஒன்றே.

இரண்டாவது, அந்தக் கம்பியைக் குழாயோடு ஓரிடத்திலும், அச்சுகள் கூடும் இடத்திற்கு அருகில் ஓரிடத்திலும் கட்டவேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தாராளமான வளையம் தொங்கவேண்டும். இழுப்பு வந்தாலும் கட்டின்மேல் வருமேயன்றிச் சாக்கெட்டின்மேல் வராது.

மூன்றாவது, கம்பிகளையெல்லாம் மாட்டிய பிறகே எடையைச் சமன் செய்யவேண்டும். கம்பிக்கும் எடை உண்டு.

நான்காவது, மின்சாரம் கொடுக்குமுன் அச்சுகளின் பிடியைத் தளர்த்தி, குழாயைக் கையால் கிழக்கே, மேற்கே, வடக்கே, தெற்கே எல்லை வரையில் மெல்லத் திருப்பிப் பார்க்கவேண்டும். எங்கே இழுக்கிறது, எந்தத் திருகில் மாட்டுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். அன்று அப்பெண் செய்ய முயன்றது இதுவே.

ஐந்தாவது, மெல்லிய கம்பி ஆகாது. அரைச் சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பி ஐந்து மீட்டர் நீளம் என்றால், மின்சாரம் போய்வரும் வழி பத்து மீட்டர். நான்கு ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், பன்னிரண்டு, பத்தரையாகிவிடும். தாங்கி தடுமாறும். இரண்டரைச் சதுர மில்லிமீட்டர்க் கம்பியானால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஆறாவது, ஒரே உருவமுள்ள பிளக்குகள் வெவ்வேறு வேலைக்கு இருக்கக்கூடும். இருட்டில் ஒன்றை மற்றொன்றின் துளையில் செருகினால் உள்ளிருக்கும் மின்பலகை எரிந்துபோகலாம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் துணி நாடா கட்டவேண்டும். மாட்டும்போதும் கழற்றும்போதும் மின்சாரத்தை நிறுத்தியிருக்கவேண்டும்.

பெரியோர்களே! உடைந்த சாக்கெட்டைச் சென்ற மாதமே நம் சொந்தச் செலவில் மாற்றிவிட்டோம். சாலைக் கடைத்தெருவில் தடித்த கம்பியும் வாங்கிவைத்தோம். இனி வேண்டுவது ஒன்றே: அலமாரிச் சாவி. அது இப்போது நிர்வாகக் குழுவிடம் இருக்கிறது. அதை அப்பெண்ணின் கையில் கொடுக்கும்படி இச்சபையை வேண்டுகிறோம். நம்மிடம் கொடுக்கவேண்டா. அவள் சொல்கிறபடி கம்பி கட்டும் வேலையை, அவள் ஒப்புக்கொண்டால், நாம் செய்கிறோம்.

மலரின் அட்டையில் இவ்வாண்டு அந்தப் படம் இல்லை. மிருகசீரிடம் அடுத்த குளிர்காலத்திலும் நம் மொட்டை மாடிக்கு மேலே வரும். அப்போது அவள் பிளஸ் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். ஆகவே காலம் தாழ்த்தாமல் இருப்பது நன்று.