நூலகத்தில் ஒரு நலவாழ்வு அலமாரி

(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நூலகமும் உடல்நலமும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. ஏலம் முதலிய ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் ஏலாதியும், கண்டங்கத்தரி முதலிய ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் சிறுபஞ்சமூலமும் அவர்கள் தந்த நூல்கள். நூலுக்கு மருந்தின் பெயரை இட்டவர்கள் அவர்கள். அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று தானத்தை நான்காக வகுத்தபோதும், மருந்து கொடுப்பதையும் நூல் கொடுப்பதையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். அவ்விரு தானங்களும் ஒன்றாகக் கூடும் ஓர் இடம் உண்டு. நோயாளிக்கும் அவர் குடும்பத்தாருக்கும் நம்பத்தக்க மருத்துவச் செய்தியை, அவர்களுக்குப் புரியும் மொழியில் கொண்டு சேர்ப்பதே அந்த இடம். அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நம் ஊரிலிருந்து நகரத்து மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். பையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட பரிசோதனை அறிக்கை இருக்கிறது. ஐந்து வகை மாத்திரைகள் இருக்கின்றன. எது உணவுக்கு முன், எது பின், எதை நிறுத்தலாகாது என்பது மருத்துவர் சில நிமிடங்களில் சொல்லியது. வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துவிடுகிறது. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறார்கள். அன்று மாலையே கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது: சர்க்கரை நோய்க்கு மாத்திரையே வேண்டாம், இன்ன சாற்றை நாற்பது நாள் குடித்தால் போதும் என்று. அனுப்பியவர் அன்பால்தான் அனுப்புகிறார். ஆனால் அதை நம்பி மருந்தை நிறுத்தியவரின் சிறுநீரகமும் கண்ணும் அந்த அன்புக்கு விலை கொடுக்க நேரிடுகிறது. செய்திப் பஞ்சம் நமக்கு இல்லை. எதை நம்பலாம் என்று சொல்லித்தர, பக்கத்தில் ஓர் ஆள் இல்லாததே நம் குறை.

இக்குறையை வேறு இடங்களில் எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்போம்.

1971ஆம் ஆண்டு, வங்கதேச விடுதலைப் போரின்போது பல இலட்சம் அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். பன்காவ் என்னும் ஊரில் இருந்த முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோகும் நிலை ஏற்பட்டது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனபிஸ், உப்பும் குளுக்கோசும் உரிய அளவில் கலந்த நீரைத் தயாரித்து, நோயாளிகளின் உறவினரிடமே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் என்ற அளவில் இருந்த இறப்பு, நான்குக்கும் கீழே இறங்கியது. பயிற்சி பெற்றவர்களே செய்யத்தக்கது என்று கருதப்பட்ட ஒரு வேலையைத் தாயும் தமக்கையும் செய்து உயிர்களைக் காத்தார்கள்.

இந்த அறிவு முகாமோடு நின்றுவிடவில்லை. வங்கதேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை அதை வீடு வீடாகக் கொண்டு சென்றது. பெண் பணியாளர்கள் ஒவ்வொரு வீட்டிலும் தாயுடன் அமர்ந்து, மூவிரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னதோடு விடாமல், தாயே தன் கையால் கலக்கிக் காட்டும் வரை இருந்தார்கள். இவ்வாறு ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டினார்கள். அவ்வீடுகளில் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் மிகப் பலர். (இன்று நமக்கு மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சரியான அளவில் அமைந்த உப்புக் கரைசல் பொட்டலம் கிடைக்கிறது; அதையே பயன்படுத்துதல் நல்லது.)

அத்திட்டத்தில் நாம் கருத்தில் கொள்ளவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பணியாளர் சொல்லிக்கொடுத்துச் சென்ற பின்னர், வேறொருவர் சில வீடுகளைத் தெரிந்தெடுத்துச் சென்று தாயிடம் கேள்வி கேட்பார். அத்தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்தே பணியாளரின் ஊதியம். எத்தனை பேருக்குச் சொன்னோம் என்பது அங்குக் கணக்கில் வரவில்லை. கேட்டவர் மனத்தில் என்ன தங்கியது என்பதே கணக்கு. கூட்டம் போட்டோம், துண்டறிக்கை கொடுத்தோம் என்று நிறைவடையும் நமக்கெல்லாம் இது நல்ல பாடம்.

இனி நூலகத்தின் பக்கம் வருவோம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நெடுங்காலம் மருத்துவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியதாகவே இருந்தது. 1997இல் அதன் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை இணையத்தில் எவரும் கட்டணமின்றித் தேடலாம் என்று திறந்துவிட்டார்கள். மருத்துவர் அல்லாத பொதுமக்களும் பெருந்திரளாக அதில் தேடத் தொடங்கினார்கள். தம் தாய்க்கு வந்த நோய் என்ன, தம் குழந்தைக்குத் தரும் மருந்து என்ன என்று அறிய விரும்பியவர்கள் அவர்கள். ஆய்வுக் கட்டுரை அவர்களுக்கு எப்படிப் புரியும்? ஆகவே 1998இல் எளிய நடையில் எழுதப்பட்ட மெட்லைன்பிளஸ் என்னும் தளத்தை அந்நூலகம் தொடங்கியது. அதில் விளம்பரம் கிடையாது. 2002இல் அதற்கு ஸ்பானிய மொழி வடிவமும் வந்தது.

தளம் வந்துவிட்டால் போதுமா? டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஸ்பானியம். ஏழ்மையும் அங்கு மிகுதி. அவ்வட்டாரத்தின் மெர்சிடிஸ் என்னும் ஊரில் மருத்துவத் துறைக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அப்பள்ளி நூலகர்கள், இருமொழியும் அறிந்த சில மாணவர்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அம்மாணவர்கள் உடன் பயில்வோருக்கு அத்தளத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் வீட்டுக்குச் சென்று பெற்றோருக்கும் உறவினருக்கும் அதைக் காட்டினார்கள். நாட்டின் மிகப் பெரிய மருத்துவ நூலகத்துக்கும் ஒரு சிற்றூர்ப் பாட்டிக்கும் நடுவே பாலமாக நின்றவர் பதினாறு, பதினேழு வயதுப் பேரப்பிள்ளைகள்.

இங்கிலாந்தில் வேறொரு வழி கண்டார்கள். 2013 முதல் அந்நாட்டுப் பொது நூலகங்களில், மனச்சோர்வு, அச்சம் முதலியவற்றால் வருந்துவோர்க்கு வல்லுநர்கள் தெரிந்தெடுத்த நூல்களை வைத்திருக்கிறார்கள். மருத்துவர் அந்நூலைப் பரிந்துரைக்கலாம். எவரும் கேளாமலே ஒருவர் தாமாக எடுத்துச் செல்லவும் செய்யலாம். வெளியே சொல்லக் கூசும் துன்பத்துக்கு, திறந்த அலமாரி ஒரு துணை.

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் என்று விட்டுவிட வேண்டா. நூலகம் மக்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணிலேயே விளைந்தது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பவற்றை நூலக விதிகளாக 1931இல் வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லும் நூலகம் தொடங்கப்பட்டது. மாட்டுவண்டிக்கு இயன்றது நமக்கு இயலாதா?

ஆகவே என் வேண்டுகோள் இது. நம் அறக்கட்டளையின் படிப்பகத்தில் ஓர் அலமாரியை நலவாழ்வுக்கென ஒதுக்குங்கள். பெரும் பொருட்செலவு வேண்டா. சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

முதலாவது, நூல்கள் தமிழில், பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு, முதுமை மறதி, மனநலம் என்று தொடங்கினால் போதும். எந்த மருந்து நிறுவனத்தின் விளம்பர ஏடும் அதில் இடம்பெறலாகாது.

இரண்டாவது, பழைய மருத்துவ நூல்களை அஞ்சாமல் நீக்குங்கள். நமக்கு இது கடினம் என்பதை அறிவேன். ஓலைச்சுவடியைப் பழையது என்பதாலேயே போற்றிக் காத்த மரபினர் நாம். மருத்துவ நூலுக்கு அந்த முறை பொருந்தாது. கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கலாம் என்று ஒரு காலத்தில் மேலைநாட்டு நூல்கள் எழுதின. அது தவறென்று தெரிந்து, மல்லாந்து படுக்க வைக்குமாறு 1994இல் அமெரிக்காவில் இயக்கம் நடத்தியபின், உறக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தை இறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பழைய நூல் அலமாரியில் இருந்தால், பழைய தவறும் அங்கே இருக்கும்.

மூன்றாவது, அலமாரிக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். ஊருக்கு இரண்டு தாய்மாரும் இரண்டு கல்லூரி மாணவரும் முன்வந்தால் போதும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அமர்ந்து, வருவோருக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லலாம். மருத்துவரிடம் அடுத்த முறை கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். கைப்பேசியில் வந்த செய்தியை எவர் எழுதினார், எப்போது எழுதினார், அதனால் எவருக்கு வருவாய் என்று உடன் அமர்ந்து ஆராயலாம்.

நான்காவது, எல்லையை மறவாமை. இன்ன நோய் என்று கணிப்பதும், மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. நம் தொண்டர் அதில் தலையிடலாகாது. அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல உதவிக்கு 14416 என்னும் எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஐந்தாவது, மறை காத்தல். இதை நான் மிக வற்புறுத்திச் சொல்கிறேன். நம்முடையது சிறிய சமுதாயம். ஓர் ஊரில் சொன்ன சொல் மறுநாள் அடுத்த ஊரில் கேட்கும். வலிப்பு நோயைப் பற்றிய நூலை ஒரு தாய் எடுத்துச் சென்றாள் என்று தெரிந்தால், அவள் மகளின் திருமணப் பேச்சு நின்றுபோகும். அந்த அச்சத்தாலேயே அவள் அலமாரிப் பக்கம் வராமல் இருந்துவிடுவாள். அப்பெண்ணும் மருத்துவமின்றி வாடுவாள். ஆகவே அந்த அலமாரி நூல்களுக்குப் பெயர் எழுதும் பதிவேடு வேண்டா. எடுத்தவர் திருப்பித் தருவார் என்று நம்புவோம். ஒன்றிரண்டு நூல்கள் திரும்பாமல் போனால், அவை தேவைப்பட்ட வீட்டில் இருக்கின்றன என்று மகிழ்வோம்.

ஓராண்டு கழித்து இத்தொண்டை எப்படி அளப்பது? எத்தனை நூல் வாங்கினோம் என்று ஆண்டறிக்கையில் எழுத வேண்டா. ஊருக்குப் பத்துப் பேரிடம் சென்று கேளுங்கள்: நீங்கள் உண்ணும் மாத்திரை எதற்கானது? குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? நெஞ்சு வலித்தால் எந்த எண்ணை அழைப்பீர்கள்? அவர்கள் தடுமாறாமல் விடை சொன்னால் அலமாரி வேலை செய்கிறது என்று பொருள். தடுமாறினால் நாம் இன்னும் ஒருமுறை அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போய் அமர வேண்டும்.