விளக்கு எரிந்தால் போதுமா?

தோட்டத்து வீடுகளில் இன்று துவைக்கும் இயந்திரம், சோறு சமைக்கும் மின்சட்டி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வந்துவிட்டன. பின்கட்டில் சமையலறையை நீட்டிக் கட்டுகிறோம். அங்கே ஒரு விளக்கும் ஒரு பிளக்கும் தேவைப்படுகின்றன. "நம் பையன்தானே, ஐம்பது வெள்ளி கொடுத்தால் போதும்" என்று தெரிந்த ஒருவரை அழைத்து இழுத்துக்கொள்கிறோம். விளக்கு எரிகிறது, மனம் நிறைகிறது.

விளக்கு எரிவதனால் வேலை சரியாக முடிந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது. சுவிட்சைச் சிவப்புக் கம்பியில் வைக்காமல் கறுப்புக் கம்பியில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைந்த பிறகும் பல்பு மாட்டும் இடத்தில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்றக் கைவைப்பவரின் கதி என்ன? அதுபோலவே, நிலத்துக்குச் செல்லும் பச்சை மஞ்சள் கம்பியை இணைக்காவிட்டாலும் துவைக்கும் இயந்திரம் ஓடும். உள்ளே கம்பி பழுதாகி இரும்புக் கூட்டைத் தொட்டால், ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு நிற்கும் தாயின் உடல் வழியாகவே 230 வோல்ட் மின்சாரம் நிலத்துக்குப் பாயும்.

இத்தகைய குறைகள் கண்ணுக்குத் தெரியமாட்டா. கருவி கொண்டு சோதித்தால்தான் தெரியும். ஆகவேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1990ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளும் நடப்பில் உள்ளன. அவற்றின்படி, சுருஹான்ஜாயா தெனாகா என்னும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரே வயரிங் வேலையை எடுத்துச் செய்யலாம். வேலையைக் கவனிக்கும் வயர்மேனுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒரு ஃபேஸுக்குத் தகுதி பெற்றவர் மூன்று ஃபேஸ் வேலையில் கைவைக்கக்கூடாது. சபாவில் 2024ஆம் ஆண்டு முதல் அம்மாநில எரிசக்தி ஆணையம் இதனைக் கவனிக்கிறது. சரவாக்கிற்குத் தனிச் சட்டம் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பணம் கொடுக்குமுன் பதிவுச் சான்றிதழைக் கேட்டு, அது காலாவதியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கேட்பது அவமரியாதை அன்று. இரண்டாவது, வேலை முடிந்ததும் மேற்பார்வை, நிறைவுச் சான்றிதழையும் சோதனைச் சான்றிதழையும் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். மூன்றாவது, நாம் இருப்பது தோட்டம் கொடுத்த வீடு என்றால் நாமாகக் கம்பி இழுக்கக்கூடாது. வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. குறையை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்வோம்.

மெயின் பெட்டியில் 'டி' என்று குறித்த பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படவில்லை என்றால், மின்கசிவிலிருந்து உங்களைக் காக்க வேண்டிய காவலன் உறங்குகிறான் என்று பொருள். தாமதியாமல் தகுதி பெற்றவரை அழையுங்கள்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். கம்பியும் டெஸ்டருமாகத் திரியும் மகனை நாம் திட்ட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்துக்கு அனுப்பி, தேர்வு எழுத வைப்போம். இன்று ஐம்பது வெள்ளிக்கு ஆபத்தான வேலை செய்கிற கை, நாளை சான்றிதழோடு நம் வீடுகளைக் காக்கும் கையாக மாறட்டும்.