கணக்குப் பெட்டியும் காமிராவும்

(சேத்தூரில் செய்த சொற்பொழிவு)



மலையடிவாரத்து ஊராகிய இங்கே பேசுவதென்றால், இரவில் தென்னந்தோப்புக்கும் மாந்தோப்புக்கும் வந்து போகிற யானையைப் பற்றிப் பேசுவதே பொருத்தமாகும். காலையில் தோப்புக்குப் போகிறவன் முறிந்து கிடக்கும் மரத்தைத்தான் பார்க்கிறான். எத்தனை யானை, எந்த வழி, எத்தனை மணிக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். நஷ்ட ஈடு கேட்கப் போனாலோ சாட்சி வேண்டும். இருட்டில் யானைக்கு முன் நின்று சாட்சி சேர்ப்பவன் யார்?

அந்த வேலையை இன்று இரண்டு கருவிகள் கூடிச் செய்கின்றன. ஒன்று டேட்டாலாகர் என்னும் பதிவுப் பெட்டி. அது தூங்காத கணக்கப்பிள்ளை. மழை எவ்வளவு, ஓடையில் தண்ணீர் எவ்வளவு, எந்த நேரத்தில் எது நடமாடியது என்று எண்களாகக் குறித்துக்கொண்டேயிருக்கும். ஆனால் அதற்குக் கண் கிடையாது. மற்றொன்று டிஜிட்டல் காமிரா. அதற்குக் கண் உண்டு. எப்போது திறப்பது என்று தெரியாது. இரண்டையும் கம்பியால் இணைத்துவிட்டால், உடற்சூடு உள்ள ஒன்று அசைந்தவுடன் பெட்டி காமிராவை எழுப்புகிறது. காமிரா படம் பிடித்துவிட்டு மறுபடியும் தூங்குகிறது. ஆகவே ஒரு பாட்டரியும் சிறு சூரியத் தகடும் போதும்.

இனி, படம் நம்மிடம் எப்படி வருவது? 2018-ம் வருஷப் புலிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 26,838 இடங்களில் காமிரா வைத்தார்கள். சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்களில் புலி இருந்தவை 76,651 தான். சாதாரணக் காட்டுக் காமிராவில் படம் அதன் அட்டையிலேயே தங்கும். ஆள் நடந்துபோய் எடுத்துவர வேண்டும். கணக்கெடுப்புக்கு அது சரி. இன்றிரவு வரும் யானைக்கு, அடுத்த மாதம் வரும் படம் எதற்கு உதவும்?

ஆகவே செல்போன் அலை வழியே அனுப்புகிறார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. மழைக் கணக்கு சில எழுத்துக்களில் அடங்கும். ஒரு படமோ லட்சக்கணக்கான எழுத்துக்களுக்குச் சமம். மலை மறைவில் அலையும் குறைவு. எனவே நேரத்தையும் சிறு படத்தையும் முதலில் அனுப்பி, பெரிய படத்தை அட்டையில் வைத்து, கேட்டபோது கொடுக்கச் செய்வதே புத்திசாலித்தனம்.

இது வெறும் பேச்சல்ல. 2021 நவம்பரில் கோயமுத்தூரை அடுத்த மதுக்கரைப் பக்கத்தில் ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் அங்கே 12 கோபுரங்களில், இருட்டிலும் சூட்டைக் கண்டறியும் காமிராக்களை வைத்தார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் படம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. ரயில்காரருக்கும் வனத்துறையாருக்கும் எச்சரிக்கை போகிறது.

ஆனால் தோழர்களே, யந்திரம் சொல்லிவிட்டது என்பதற்காகவும் எதையும் நம்பிவிடாதீர்கள்! வெயிலில் காய்ந்த இலை அசைந்தாலும் காமிரா விழித்துக்கொள்ளும். பெட்டியின் கடிகாரம் தவறினால் படத்திலுள்ள மணியும் பொய். எண்ணைப் படத்தாலும், படத்தை எண்ணாலும் சோதியுங்கள். இரண்டும் ஒத்தால் ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்கள் மலை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. காட்டின் கணக்கு காட்டோடும் ஆபீசோடும் நின்றுவிட்டால் தோப்புக்காரனுக்கு என்ன லாபம்? யானை வேலியைத் தாண்டுமுன் அவன் போனில் செய்தி வரவேண்டும். மரம் போன பிறகு வரும் ஈட்டுத்தொகையைவிட, மரமும் ஆளும் யானையும் பிழைப்பதல்லவா மேல்? அதைக் கூட்டமாகச் சேர்ந்து, மனுப்போட்டுக் கேளுங்கள் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.