ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அதற்குப் பலர் பலவாறு பொருள் உரைப்பர். பொறாமை, கல்லாமை, முயலாமை என்றவாறு 'ஆமை' என முடியும் குணங்களையே அது சுட்டுகின்றது என்பாரும் உளர். எப்பொருளைக் கொள்ளினும், இக்காலத்தில் ஆமை வீடு புகுவது தன் விருப்பத்தால் அன்று. கடையிலே, ஒரு சிறு பிளாத்திக்குக் கிண்ணத்தில், நாணயத்தினும் சற்றே பெரிதான பச்சைக் குஞ்சாக அது விலைக்கு வைக்கப்படுகின்றது. பிள்ளையின் பிடிவாதத்துக்கு இணங்கி ஒரு தந்தை அதனை வாங்கி வருகின்றார். அவ்வாறு புகுந்தபின் உருப்படாமற் போவது பெரும்பாலும் வீடன்று, ஆமையே. அது ஏன் என்பதையும், அக்கேட்டைத் தவிர்த்து வீட்டினுள் ஆமைத் தொட்டி ஒன்றை அமைப்பது எங்ஙனம் என்பதையும், மானிப்பாய் போன்றதொரு யாழ்ப்பாணத்து ஊரின் நீரையும் நிலத்தையும் மனத்திற் கொண்டு ஆராய்தல் பயனுடையது.

முதற்கண், எந்த ஆமை என்பதைத் தெளிதல் வேண்டும். இலங்கையின் நன்னீர் நிலைகளுக்கு இயல்பாக உரிய ஆமைகள் இரண்டு. ஒன்று, ஓட்டின்மேல் மெல்லிய தோல் போர்த்த பாலாமை. மற்றது, கரிய கடின ஓடுடைய காராமை. கோடையிற் குளம் வற்றும்போது பாலாமை சேற்றினுட் புதைந்து கிடந்து, மாரி பிறந்ததும் வெளிவரும். கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலிப் பக்கங்களின் மழைநீரை ஏந்திக் கல்லுண்டாய் வெளியை நோக்கிச் செல்லும் வழுக்கையாறு போன்ற பருவகால நீரோட்டங்களும், அவற்றை அடுத்த குளங்களும் வயல்களுமே இத்தகைய உயிர்களுக்கு ஏற்ற இடங்கள். இவற்றையும், தரையில் வாழும் நட்சத்திர ஆமையையும் பிடித்து வளர்த்தல் ஆகாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவற்றுக்குக் காப்பளிக்கின்றன. நட்சத்திர ஆமையை நாடு கடத்தி விற்கும் வணிகம் பெருகியமையால், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய அனைத்துநாட்டு உடன்படிக்கை 2019இல் அதனை மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய பட்டியலிற் சேர்த்தது.

எஞ்சியிருப்பது கடையில் விற்கப்படும் ஆமை. கண்ணுக்குப் பின்னால் செந்நிறக் கீற்று ஒன்று காணப்படுவதால் இதனைச் செங்காது ஆமை என்பர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையே இதன் தாயகம். குஞ்சாக இருக்கையில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் நீளமுள்ள இது, ஆணாயின் ஒரு சாண் அளவுக்கும், பெண்ணாயின் 25 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். நன்கு பேணப்படின் 20 முதல் 40 ஆண்டுகள் வரை உயிர் வாழும். பத்து வயதுப் பிள்ளை இன்று கேட்டு வாங்கும் ஆமை, அப்பிள்ளை தாயோ தந்தையோ ஆகித் தன் மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் காலத்திலும் அதே வீட்டில் உணவை எதிர்பார்த்து இருக்கும். ஆகவே, கிண்ணத்தின் விலையை விசாரிக்கும்போதே அடுத்த முப்பது ஆண்டுகளின் பொறுப்பையும் எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை.

கிண்ணத்தில் ஆமை வளர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பெரிதும் பரவியிருந்தது. சிறு பிளாத்திக்குத் தட்டம், அதன் நடுவே ஒரு பிளாத்திக்குத் தென்னை, இரண்டு அங்குல நீர்: இதுவே அந்த ஆமையின் உலகம். அவ்வாறு விற்கப்பட்ட குஞ்சுகளிற் பெரும்பாலானவை நெடுநாள் வாழவில்லை. அவற்றைக் கையாண்ட சிறுவர் பலரும் சல்மொனெல்லா எனும் கிருமியால் நோயுற்றனர். ஈற்றில் 1975இல், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை வளர்ப்புக்கென விற்பதை அந்நாட்டு அரசு தடை செய்தது.

அந்தக் குஞ்சுகள் மாண்டமைக்குரிய காரணத்தை அறிய ஆமையின் உடலமைப்பை நோக்குதல் வேண்டும். ஓடு என்பது நத்தையின் கூடு போல வெளியே அமைந்ததொரு பொருளன்று. முதுகெலும்பும் விலாவெலும்பும் விரிந்து இணைந்தமையாலேயே ஆமையின் ஓடு உண்டாகின்றது. எனவே, எலும்பு வளர எவை வேண்டுமோ அவை யாவும் ஓடு வளரவும் வேண்டும். உணவிற் கல்சியம் இருந்தால் மட்டும் போதாது. அதனை உடல் ஏற்பதற்கு விற்றமின் டி வேண்டும். சூரிய ஒளியிலுள்ள, கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கடந்த கதிர்கள் தோலிற் படும்போது ஆமை அவ்விற்றமினைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. இக்கதிர்களில் இதற்கு வேண்டிய பகுதியைச் சாதாரண யன்னற் கண்ணாடி தடுத்துவிடும். அறையின் வெளிச்சத்தைக் கண்டு, ஆமைக்கு வெயில் கிடைக்கின்றது என வீட்டார் எண்ணியிருக்க, அதன் ஓடு நாளடைவில் மெத்தென்று ஆகிக் கோணலடைந்துவிடும். இதற்கு அஞ்சித் தொட்டியையே வெயிலில் வைத்தலும் தீது. கண்ணாடித் தொட்டியின் நீர் விரைவிற் கொதிப்பேறி, நிழல் காணாத ஆமை சில மணி நேரத்தில் இறந்துபோகக்கூடும்.

யாழ்ப்பாணத்தின் பழைய வீட்டமைப்பு இச்சிக்கலுக்கு ஓர் அழகிய தீர்வைத் தருகின்றது. நாற்புறமும் தாழ்வாரம் சூழ, நடுவே வானம் பார்த்த முற்றத்தையுடைய நாற்சார் வீடுகள் இன்னும் ஆங்காங்கே உள்ளன. அம்முற்றத்தில் அமைக்கும் சீமெந்துத் தொட்டி வீட்டினுள்ளும் இருக்கும், வெயிலையும் பெறும். தொட்டியின் பாதிக்குப் பலகையால் நிழலிட்டு, காகமும் பூனையும் அணுகாதவாறு மேலே கம்பிவலை விரித்தல் வேண்டும். மாரியில் நீர் பெருகி ஆமை வெளியேறாதபடி, விளிம்புக்குக் கீழே வலையிட்ட வடிகுழாய் ஒன்றும் தேவை. புதுச் சீமெந்தின் காரம் ஆமையின் கண்ணையும் தோலையும் வருத்துமாதலால், இரண்டு மூன்று கிழமைகள் நீரை நிரப்பியும் இறைத்தும் கழுவிய பின்னரே அதனைப் பயன்படுத்தலாம்.

முற்றமற்ற வீட்டில் கண்ணாடித் தொட்டியே வழி. அளவில் உலோபம் கூடாது. ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 40 லீற்றர் நீர் என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி பத்து அங்குல ஆமைக்கு 400 லீற்றர் வேண்டும். ஐந்தடி நீளமும் ஈரடி அகலமும் ஈரடி உயரமும் உள்ள தொட்டியில் ஒன்றரை அடிக்கு நீர் விட்டால் ஏறத்தாழ 425 லீற்றர் கொள்ளும். மேலேயுள்ள அரையடி ஆமை ஏறித் தப்பாதிருக்க உதவும். தவறி மல்லாந்து விழும் ஆமை நீரினுட் புரண்டு நிமிர்வதற்கும் இந்த ஆழம் போதும். ஆனால் 425 லீற்றர் நீரின் நிறை 425 கிலோகிராம் என்பதை மறத்தலாகாது. மேசையோ அலுமாரியோ இதனைத் தாங்கா. தரையிற் கட்டிய மேடையே தக்கது.

ஆமை நீரில் வாழினும் மீனன்று. அது முழுதும் நீரை விட்டேறி உடல் உலர்ந்து காய்வதற்கு ஒரு திட்டு இன்றியமையாதது. அத்திட்டின்மேல் ஒரு வெப்ப மின்குமிழும், ஊதாக்கடந்த கதிர் தரும் விளக்கும் பகலிற் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிதல் வேண்டும். விளக்குக்கும் ஆமைக்கும் இடையே கண்ணாடி இருத்தல் ஆகாது. கதிர்விளக்கு, கண்ணுக்கு ஒளிர்ந்துகொண்டேயிருந்தும், காலப்போக்கிற் கதிரை இழந்துவிடும். ஆகையால் அதனை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுதல் நன்று. மின்கம்பி தொட்டியிலிருந்து ஒருமுறை கீழே தாழ்ந்து, பின் மேலேறிச் செருகியை அடையுமாறு அமைத்தால், வழியும் நீர் செருகியைச் சேராது. திட்டுக்கு முருகைக்கல்லை இடுவோர் உளர். அதன் கூரிய முனைகள் ஆமையின் அடியோட்டைக் கீறிப் புண்ணாக்கும். வழுவழுப்பான மரமோ ஓடோ சாலச் சிறந்தது. அடியிற் சிறு கூழாங்கற்களைப் பரப்புதலும் தவறு. ஆமை அவற்றை விழுங்கிக் குடலடைப்புக்கு ஆளாகும்.

இனி நீரைப் பற்றிக் கூறுதல் வேண்டும். மானிப்பாய் மக்களுக்குக் கிணற்று நீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி நிலத்தினுள் தங்கும் நன்னீரே குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் உதவுகின்றது. அந்நீரிற் சுண்ணம் மிகுதி. அது ஆமைக்குத் தீங்கன்று. தொட்டிக் கண்ணாடியில் வெண்படலம் படியும், வினாகிரி தோய்த்த துணியால் துடைத்தால் அகலும். யாழ்ப்பாணத்து வெப்பத்தில் நீரைச் சூடாக்கும் கருவியும் பொதுவாக வேண்டியதில்லை. ஆனால் வடிகருவி வேண்டும். ஆமையின் கழிவிலிருந்து அமோனியா எனும் நஞ்சு பிறக்கின்றது. வடிகருவியிற் குடியேறும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இக்குடியேற்றம் நிலைபெறச் சில கிழமைகள் ஆகும். நைத்திரேற்று எங்கும் போய்விடுவதில்லை. நீரை மாற்றினாலன்றி அது தொட்டியிலேயே சேரும். ஆதலாற் கிழமைதோறும் காற்பங்கு நீரை, அதாவது ஏறக்குறைய நூறு லீற்றரை, இறைத்து மாற்றுதல் வேண்டும்.

இறைத்த நீரை எங்கே ஊற்றுவது? தொட்டி அமைப்பாரிற் பலர் எண்ணாத கேள்வி இதுவே. யாழ்ப்பாணத்தில் முதலில் எண்ண வேண்டியதும் இதுவே. சுண்ணக்கற் பாறை வெடிப்பும் துளையும் நிறைந்தது. மேலே ஊற்றும் அழுக்கு நீர், மணலில் ஊறி வடிவதுபோல் மெல்லச் செல்லாது, அவ்வெடிப்புகளின் வழியே விரைந்து கிணற்றைச் சேரும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவை ஏற்கெனவே மீறியுள்ளதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே, தொட்டி நீரைக் கிணற்றடியில் ஊற்றுதல் கூடவே கூடாது. கிணற்றுக்குத் தூரத்தேயுள்ள வாழையடியே அதற்குரிய இடம். வாழை அந்நைத்திரேற்றை உரமாக உண்டு குலை தள்ளும். வல்லாரைப் பாத்திக்கோ, பச்சையாக உண்ணும் வேறு கீரைக்கோ அந்நீரை விடுதல் ஆகாது. வல்லாரைச் சம்பல் அடுப்பைக் காணாத உணவு; ஆமை நீரிலுள்ள கிருமி அதன்மூலம் உண்பவர் வயிற்றை அடையலாம்.

உணவைப் பொறுத்தமட்டில், இளமையில் இவ்வாமை புலாலையே மிகுதியும் விரும்பும். வளர வளரப் பூண்டும் இலையும் நாடும். சிறு மீன், இறால், மண்புழு, நீர்ப்பூண்டு, துருவிய கரட், ஆமைக்கென விற்கும் உருண்டை உணவு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சோறும் பாணும் ஆகா. நீரில் இருந்தாலன்றி இதனால் விழுங்க இயலாதாகையால் உணவை நீரிலேயே இடுதல் வேண்டும். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை உப்புப் போக ஊறவைத்து மிதக்கவிட்டால், ஆமை தனக்கு வேண்டிய கல்சியத்தைக் கொறித்துக்கொள்ளும். கண்ணிமை வீங்கினால் விற்றமின் ஏ குறைபாட்டையும், ஓடு மெத்தென்றால் வெயிற் குறைவையும் ஐயுற்று, கால்நடை வைத்தியரை நாடுதல் நன்று.

மானிப்பாய் வைத்திய அறிவு தமிழிலே தழைத்த ஊர். 1848இல் அங்குப் பணி தொடங்கிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். அவர் பெயர் தாங்கிய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவ்வூரில் உள்ளது. அத்தகைய ஊரிற் சுகாதார விதியை நீட்டி உரைக்க வேண்டியதில்லை. நோயற்றதாய்த் தோன்றும் ஆமையும் சல்மொனெல்லாவைச் சுமந்திருக்கலாம். ஆமையையோ தொட்டியையோ தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், தொட்டிச் சாமான்களைக் குசினியிற் கழுவாதிருத்தலும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் நோயால் நலிந்தோரையும் முதியோரையும் ஆமையைத் தொடவிடாதிருத்தலும் போதிய காப்பாகும்.

இறுதியாக ஒன்று. வளர்ந்த ஆமை பாரமாகும்போது, அதனைக் குளத்தில் விட்டு விடுதலை அளித்ததாக மனம் நிறைவோர் பலர். அது அறமன்று. செங்காது ஆமை எந்நீரிலும் பிழைத்து, வெயில் காயும் இடத்தையும் இரையையும் உள்ளூர் ஆமைகளிடமிருந்து பறித்துக்கொள்ளும், நோயையும் பரப்பக்கூடும். இதனாலேயே ஐரோப்பிய நாடுகள் 1997இல் இதன் இறக்குமதியைத் தடுத்தன. கேரளத்தின் திருச்சூர்ப் பகுதி நீர்நிலைகளில் இவை தலைகாட்டியபோது, பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் இவற்றைத் தேடிச் சேகரிக்கும் பணியை மேற்கொள்ள நேர்ந்தது. ஒரு வீட்டார் மாரி காலத்திற் குளத்தில் விடும் ஒற்றை ஆமை, தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் உறங்கி எழும் பாலாமைக்குப் பகையாகக்கூடும்.

வெயில், உலர்ந்த திட்டு, தூய நீர், அந்நீர் போய்ச் சேரும் வாழையடி, முப்பது ஆண்டுப் பொறுமை ஆகிய ஐந்தும் உடையார் ஆமைத் தொட்டி அமைக்கலாம். அவற்றுள் ஒன்று குறையினும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மாரியிற் குளக்கரைக்குச் சென்று, கட்டையின்மேல் வெயில் காயும் காராமையைத் தூர நின்று காட்டுதலே மேல். அக்காட்சிக்குத் தொட்டியும் வேண்டா; விளக்கும் வேண்டா. ஆமையும் தன் வீட்டிலேயே இருக்கும்.