இளையோர் நாட்டமும் ஆலயத்தின் கடமையும்

(திருவிழாவையொட்டி நடைபெற்ற இளையோர் நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை)



‘இன்றைய இளையோரும் அவர்தம் மோகங்களும்’ என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். உடை, கைத்தொலைபேசி முதலான கருவிகள், பாட்டும் படமும் ஆகிய மூன்றிலும் நம் பிள்ளைகள் கொண்டுள்ள ஈடுபாட்டைப் பற்றியே பேச வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். தலைப்பிலுள்ள ‘மோகம்’ என்னும் சொல்லை மட்டும் ‘நாட்டம்’ என்று மாற்றிக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே இவ்வுரையின் சாரமாகும்.

அன்பர்களே! நம் ஜொகூர் மாநிலத்துப் பிள்ளைகளின் வாழ்க்கை முறையை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். 1924ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து, பொழுது புலருமுன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் அவர்களில் பலர். இரவில் வீடு திரும்பும்போது உடல் ஓய்ந்துவிடுகிறது. கிடைக்கும் சிறு பொழுதில் அவர்களுக்குத் துணையாக இருப்பவை ஒரு பாட்டும், ஒரு கைத்தொலைபேசியும், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரு சட்டையுமே. திருவிழா நாளன்று அதே சட்டையோடும் அதே கருவியோடும் ஆலய வாசலுக்கு வருகிறார்கள். நாமோ சாயம் பூசிய தலைமுடியையும் கிழிந்த காற்சட்டையையும் பார்த்துவிட்டு முகம் சுளிக்கிறோம். தீபாராதனையின்போது கைகூப்பாமல் படம் பிடிக்கிறார்களே என்று வருந்துகிறோம். காவடிக்கு முன்னே உறுமி மேளம் கொட்டுவோர் திரைப்பாடல் மெட்டை வாசிக்கிறார்களே என்று குறைகூறுகிறோம்.

இக்குறைகள் ஆதாரமற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. தைப்பூசக் காலங்களில் திரைப்பாடல்களைத் தவிர்க்குமாறு மலேசிய இந்து சங்கமும் வலியுறுத்தி வந்துள்ளது. ஆனால், கண்டித்து அனுப்பிய பிள்ளை மறு ஆண்டு வராமற்போனால் தேர்வடம் பிடிப்பது யார்? அன்னதானக் கூடத்தில் அண்டா தூக்குவது யார்? இன்னும் 20 ஆண்டுகள் கழித்து இந்த நிர்வாகக் குழுவின் நாற்காலிகளில் அமர்வது யார்? இவ்வினாக்களை மனத்திற்கொண்டே மேலே செல்வோம்.

முதலில் உடையை எடுத்துக்கொள்வோம். நம் மலாய் நண்பர்கள் வீட்டிலும் தொழுகைக்குச் செல்லும்போதும் அணிகின்ற கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். ‘பெலிக்காட்’ என்பது வேறொன்றுமன்று. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு என்னும் கடற்கரை ஊரின் பெயரே மலாய் நாவில் அவ்வாறு திரிந்தது. ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டு அங்கே ஒரு கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட துணிகளைக் கப்பலேற்றித் தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கொண்டுவந்து, அவற்றைக் கொடுத்து நறுமணப் பொருள்களை வாங்கிச் சென்றனர். கடல் கடந்து வந்த அயல்நாட்டுத் துணி, காலப்போக்கில் இம்மண்ணின் அடக்கமான வழிபாட்டு உடையாகவே மாறிவிட்டது. அதை இன்று எவரும் ‘நாகரிக மோகம்’ என்று சொல்வதில்லை.

நம் வீடுகளிலும் இதற்குச் சான்றுண்டு. நம் பெண்பிள்ளைகள் பஞ்சாபி உடை அணிந்து கோயிலுக்கு வரத் தொடங்கிய காலத்தில், ‘இது நம்மவர் உடையன்று’ என்று முணுமுணுத்த பெரியவர்கள் இருந்தார்கள். இன்று அவ்வுடையில் வந்திருக்கும் பாட்டிமார்கள் பலரை இவ்வரங்கிலேயே காண்கிறேன். ஆகவே, உடையில் நாம் கேட்க வேண்டியது அது புதியதா பழையதா என்பதையன்று. சந்நிதியில் நிற்பதற்கேற்ற அடக்கம் அதில் உண்டா என்பதையே கேட்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். வாசலில் நிறுத்திப் பலர் முன்னிலையில் ஏசினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து இசை. கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர் 1775ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குக் குடிபெயர்ந்து, அவ்வூர் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. சின்னையா முதலியார் என்று அழைக்கப்பட்ட வேங்கடகிருஷ்ண முதலியார், கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு தொடர்புடையவர். கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்திய இசையைக் கேட்கும் வாய்ப்பை அவரே அச்சகோதரர்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தார். அந்த அயல் மெட்டுகளின்மீது தீட்சிதருக்கு நாட்டம் பிறந்தது. விளைவு என்ன? அவற்றுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளைப் புனைந்தார். ‘நொட்டுஸ்வரம்’ என்று வழங்கும் அப்பாடல்கள் ஏறத்தாழ 40 உள்ளன. ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாட்டின் மெட்டில் அமைந்ததே ‘சந்ததம் பாஹிமாம்’ என்னும் பாடல். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ, ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் வாத்தியத்தைக் கற்று, அதை நம் இசைக்கு ஏற்றவாறு வாசித்துக் காட்டினார். இன்று பிடில் இல்லாத கச்சேரி மேடையை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா?

பெரியோர்களே! அன்று அக்குடும்பத்துப் பிள்ளைகளை ‘அந்நிய மோகம்’ என்று அதட்டியிருந்தால் நம் இசைக்கு ஏற்பட்டிருக்கும் இழப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு உறுதியான அடிப்படைப் பயிற்சி வீட்டிலேயே கிடைத்திருந்தது. அவர்களின் ஆர்வத்தை மதித்து உடன் அழைத்துச் சென்ற ஒரு பெரியவரும் இருந்தார். இவ்விரண்டும் சேர்ந்ததால்தான் அயல் இசையைக் கேட்ட ஆர்வம் பாமாலையாக மலர்ந்தது.

நம் நாட்டிலேயே நம் காலத்திலேயே இதையொத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்ஸ் என்னும் பகுதியிலே 1970களில் ஏழைக் கறுப்பின இளைஞர்கள், இசைத்தட்டுகளைச் சுழற்றித் தாளத்தோடு சொற்களைக் கொட்டும் ‘ஹிப் ஹாப்’ என்னும் கலையை உருவாக்கினார்கள். 1990களில் அது நம் மலேசிய இளைஞர்களையும் ஈர்த்தது. ‘பொயட்டிக் அம்மோ’ என்னும் குழுவில் பாடிய யோகி பி, பின்னர் ‘நட்சத்ரா’ குழுவோடு இணைந்து 2006ஆம் ஆண்டு ‘வல்லவன்’ என்னும் தமிழ் இசைத் தொகுப்பை வெளியிட்டார். இளையராஜா 1980ஆம் ஆண்டு ‘நிழல்கள்’ திரைப்படத்திற்கு அமைத்த ‘மடை திறந்து’ பாடலை அடியொற்றி, புதிய தமிழ் வரிகளோடு அவர்கள் பாடியது தமிழகத்திலும் பரவியது. தமிழகத் திரைப்படங்களும் அவரைப் பாட அழைத்தன. வழக்கமாகத் தமிழகத்திலிருந்து பாட்டை இறக்குமதி செய்துகொள்ளும் நாம், புதியதொரு பாணியைத் தமிழகத்திற்கு அனுப்பிவைத்தோம் என்று பெருமைப்படலாம். அந்தப் பாட்டு நம் செவிக்கு இனிக்கலாம், இனிக்காமலும் போகலாம். ஆயினும், அடுக்கடுக்காகச் சொல் தொடுத்துத் தமிழிலே தாளம் பிசகாமல் பாட வேண்டுமானால் தமிழைக் கற்றே ஆக வேண்டும் என்பதை மறுக்க இயலுமா?

உறுமி மேளத்தையும் இக்கண்கொண்டே பார்க்க வேண்டுகிறேன். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தும் மறு முகத்தைக் குச்சியால் தட்டியும் வாசிக்க வேண்டும். அந்த உறுமல் ஒலி ஒரு நாளில் கைவருவதன்று. எந்தச் சம்பளமும் இல்லாமல், வேலை முடிந்த இரவுகளில் கூடிப் பழகும் பிள்ளைகள் அவர்கள். திரைப்பாடலை வாசிக்காதே என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. எதை வாசிக்க வேண்டும் என்று கற்பிப்பதற்கு நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? காவடிச் சிந்து, திருப்புகழ் ஆகியவற்றின் சந்தங்கள் உறுமிக்கென்றே அமைந்தனவோ என்று எண்ணத்தக்க துள்ளல் உடையவை. அவற்றைக் கேட்டறியாத பிள்ளை, கேட்டறிந்ததைத்தானே வாசிப்பான்?

மூன்றாவது, கருவிகள். பிள்ளைகள் எந்நேரமும் கைத்தொலைபேசியில் மூழ்கியிருக்கிறார்கள் என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் குறை. ஆனால் அந்தத் தொலைபேசியில் தமிழ் எழுத்து தோன்றுவதற்கு ஒரு மலேசியத் தமிழரின் உழைப்பும் காரணம் என்பதைப் பலர் அறியார். மரபுக் கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களின் புதல்வர் முத்து நெடுமாறன், 1980களின் நடுவிலேயே கணினியில் தமிழ் எழுதும் முயற்சியில் ஈடுபட்டு ‘முரசு’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். அது பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்தது. ஓரிடத்தில் எழுதிய தமிழ், வேறு கணினியில் வெறும் கட்டங்களாகவும் குறிகளாகவும் தோன்றிய காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தைக் கடந்து வருவதற்கு அவரைப் போன்ற ஆர்வலர்கள் பல நாடுகளிலும் பாடுபட்டார்கள். 2005ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘செல்லினம்’, கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழிவகுத்தது. ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளிலும் அவர் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்கள் இடம்பெற்றுள்ளன. கணினி நாட்டம் கொண்ட ஓர் இளைஞரின் முயற்சியால் இன்று நம் ஆலய அறிவிப்பு தமிழிலேயே உங்கள் கைக்கு வந்து சேர்கிறது.

இனி, ‘மோகம்’, ‘நாட்டம்’ என்னும் இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டிற்கு வருகிறேன். விலை கொடுத்து வாங்குவதோடும் கண்டு களிப்பதோடும் நின்றுவிட்டால் அது மோகம். புதிய தொலைபேசி வந்தவுடன் பழையதை வீசிவிட்டுக் கடன் வாங்கிப் புதியதை வாங்குவதும், நடிகரின் சட்டையைத் தேடித் தேடி வாங்குவதும், பிறர் படங்களுக்கு விருப்பம் தெரிவித்தே இரவைக் கழிப்பதும் அவ்வகையின. இதனால் கை காலியாவதோடு காலமும் கழிகிறது. அதே பிள்ளை, இந்தப் பாட்டு எப்படி அமைந்தது, இந்தக் கருவி எப்படி இயங்குகிறது, இந்த உடை எப்படித் தைக்கப்பட்டது என்று கேட்டுக் கற்றுத் தானே ஒன்றைச் செய்யத் தொடங்குவானேயானால் அது நாட்டம். முன்னதைத் திருத்த வேண்டும். பின்னதைப் போற்ற வேண்டும். இரண்டையும் ஒரே கோலால் அடிப்பது அறமாகாது.

புதுமை ஆலயத்திற்குப் பகையன்று என்பதற்கு வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. ஜொகூர் பாருவில் 1922ஆம் ஆண்டு சிறு கோயிலாகத் தோன்றிய அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயம், 2009ஆம் ஆண்டு ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயிலாகப் பொலிவு பெற்றது. பாங்காக் நகரின் வாட் அருண் பௌத்த ஆலயத்தில் கண்ட மினுமினுப்பே அவ்வெண்ணத்தைத் தூண்டியது என்பர். வேற்று நாட்டில் கண்ட அழகை நம் அன்னைக்குச் சூட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெரியவருக்குத் தோன்றலாம் என்றால், ஓர் இளைஞனுக்கும் அவ்வாறே தோன்றலாம் அல்லவா?

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, உறுமிக் குழுப் பிள்ளைகளை அழைத்து, ஓதுவாரோ இசையாசிரியரோ ஒருவரைக் கொண்டு, சனிக்கிழமை இரவுகளில் திருப்புகழும் காவடிச் சிந்தும் பயிற்றுவிக்க வேண்டும். இரண்டு, தீபாராதனையின்போது படம் பிடிப்பதை நிறுத்தச் சொல்வதோடு, திருவிழாவைப் படமெடுக்கும் பணியை முறையாக இரண்டு மூன்று இளைஞர்களிடமே ஒப்படைக்க வேண்டும். ஆலயத்தின் பழைய புகைப்படங்களையும் கல்வெட்டுச் செய்திகளையும் மூத்தோர் நினைவுகளையும் கணினியில் பதிந்து காக்கும் பொறுப்பையும் அவர்களுக்கே தர வேண்டும். மூன்று, நிர்வாகக் குழுவில் 30 வயதிற்குட்பட்ட இருவருக்கேனும் இடமளித்து, அவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். தீட்சிதர் அயல் மெட்டைக் கையாண்டபோது நம் இசையில் ஆழ்ந்த புலமை அவருக்கு இருந்தது. முத்து நெடுமாறன் அவர்களுக்குத் தமிழ் வீட்டிலேயே வாய்த்தது. வேர் ஊன்றியவருக்கே எந்தக் காற்றும் பயன் தரும். உங்கள் பாட்டையும் கருவியையும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. சந்நிதிக்குள் வரும்போது அடக்கத்தோடும், கற்றுக்கொள்ளும் மனத்தோடும் வாருங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர்களே! இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளை கேட்கும் பாட்டை ஒருமுறை அவனோடு அமர்ந்து கேளுங்கள். அது அவனுக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று வினவுங்கள். அவனும் நாளை நீங்கள் பாடும் தேவாரத்தின் பொருளைக் கேட்கக்கூடும்.

எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருள் நம் பிள்ளைகள் அனைவருக்கும் துணை நிற்க வேண்டுமென்று இறைஞ்சி விடைபெறுகிறேன்.